இரண்டு வெட்டு போதும்

சுருளி அருவிக்கு வருகிறவர்கள் வண்டியை ஓரம் கட்டி, பந்தலுக்குள் நுழைந்து போட்டோ எடுத்துக்கொண்டு, போகும்போது தவறாமல் கேட்பார்கள்: "திராட்சை சீசன் எப்பங்க?" மகாராஷ்டிராவில் நாசிக், சாங்லிப் பக்கம் இதைக் கேட்டால் ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடியும் என்று சொல்லிவிடுவார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் எந்த மாதம் வந்தாலும் யாராவது ஒருவர் தோட்டத்தில் பழம் தொங்கும். குளிருக்கு இலை உதிர்த்துத் தூங்கும் பழக்கம் இங்கே கொடிக்கு இல்லை. கத்தரி பட்டால், அதாவது கவாத்து வெட்டினால், தளிர்க்கும். வெட்டிய நாளிலிருந்து சுமார் 120 நாளில் பழம். அடுத்தடுத்த தோட்டங்களில் ஒன்றில் வெட்டு, ஒன்றில் பூ, ஒன்றில் அறுப்பு என்று ஒரே நாளில் பார்க்கலாம்.

யாவாரிகளுக்கு இது சொர்க்கம். நோய்க்கும் அப்படித்தான். வருடம் முழுக்க எங்காவது இளந்தளிர் இருந்துகொண்டே இருப்பதால் அடிச்சாம்பல் என்ற பூசண நோய்க்குப் பட்டினி என்பதே கிடையாது. ஒருவர் தோட்டத்தில் அறுப்பு முடிந்து அது ஓயும்போது பக்கத்துத் தோட்டத்தில் தளிர் தயாராக இருக்கும். இந்த ஊரில் மருந்து இல்லாமல் திராட்சை போடுகிறோம் என்றால் சிரிக்கிறார்கள் என்று முன்பு எனக்கு வருத்தமாக இருக்கும். இப்போது அவர்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தெரியும்.

எங்களுக்கு இரண்டரை ஏக்கர். சுருளிப்பட்டிக்கும் நாராயணத்தேவன்பட்டிக்கும் நடுவில். எல்லாம் பன்னீர் திராட்சை. மாமா, அதாவது என் மாமனார், கல்கால் ஊன்றிக் கம்பி இழுத்துப் பந்தல் போட்டது என் கல்யாணத்துக்கு ரொம்ப முன்னால். கணவர் கம்பத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். காலையிலும் சாயங்காலமும் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயோடும் ஸ்பிரேயரோடும் மல்லுக்கட்டுவார். நான் கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். இங்கேயும் நான் எழுதுவது கணக்குதான். உயிர்மச் சான்றுக்கு, அதாவது இயற்கை விவசாயச் சான்றுக்கு விண்ணப்பித்த பிறகு அந்தப் பழக்கம் கைகொடுத்தது. எந்தத் தேதியில் எந்த வரிசைக்கு என்ன தெளித்தோம், எவ்வளவு, எங்கே வாங்கினோம், ரசீது எங்கே என்று பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்க்கிறார்கள். திராட்சை மாதிரிப் பல வருடம் நிற்கும் நிலைப்பயிருக்கு, முழுச் சான்று வரும்வரை காத்திருக்கும் மாறுகாலம் மூன்று வருடம். அந்த மூன்று வருடமும் செலவு இயற்கை விவசாயத்துச் செலவு, விலை சாதாரணப் பழத்து விலை. போன வருடம் மாறுகாலம் முடிந்தது. முழுச் சான்றோடு ஓடிய முதல் வருடத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கிழக்குப் பக்கத் தோட்டத்து அண்ணன் எல்லாரையும்போல மருந்து அடிப்பவர். நல்ல மனிதர், அடிக்கும் முன்பு போன் பண்ணிச் சொல்லிவிடுவார். ஆனால் காற்றுக்குப் போன் பண்ணத் தெரியாதே. அந்தப் பக்கம் வரப்பை ஒட்டி அகத்தி வைத்திருக்கிறோம். அதையும் தாண்டி மருந்து வரும் என்பதால் முதல் இரண்டு வரிசைப் பழத்தைத் தனியாக அறுத்து, சாதாரணப் பழம் என்றே விற்றுவிடுகிறோம். அதற்கும் தனிக் கணக்கு, தனி ரசீது. மாமாவுக்கு இது வேடிக்கை. "ஒரே கொடி, ஒரே தண்ணி, ரெண்டு பேரு" என்பார்.

பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், மீன் அமிலம் எல்லாம் நாங்களும் செய்கிறோம். அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த நான்கு வருடத்தில் எனக்குப் புரிந்தது, இங்கே இயற்கைத் திராட்சை என்பது எதைத் தெளிக்கிறோம் என்பதில் பாதிகூட இல்லை, எந்தத் தேதியில் வெட்டுகிறோம் என்பதில்தான் இருக்கிறது என்பது.

இங்கே வழக்கம் வருடத்துக்கு மூன்று வெட்டு, இல்லாவிட்டால் இரண்டு வருடத்துக்கு ஐந்து. அந்த மூன்றாவது வெட்டை ஆவணியில் செய்தால் ஐப்பசி மழைக்குள் பூ வந்து நிற்கும். அடிச்சாம்பலுக்கு வேண்டியது ஈர இலை, மேகமூட்டம், இளம் குலை. மூன்றும் தட்டில் வைத்துக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும். இலையின் மேலே எண்ணெய்ப் பொட்டு மாதிரி மஞ்சளாகத் தெரியும். திருப்பினால் அடியில் வெள்ளைப் பூசணம். குலையில் ஏறினால் பிஞ்சு தவிட்டு நிறமாகிச் சுருங்கும். அந்தச் சமயத்தில் மருந்துத் தோட்டங்களில் மழை விட்ட இடைவெளியில் எல்லாம் ஸ்பிரேயர் சத்தம் கேட்கும். நாங்கள் அதே வெட்டை வெட்டினால் எங்களுக்கு இருக்கும் ஒரே நம்பகமான ஆயுதம் போர்டோ கலவை.

போர்டோ பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவிலிருந்து 1878 வாக்கில் அடிச்சாம்பல் பிரான்சுக்குள் நுழைந்து தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த நேரம். போர்டோ பக்கம் சாலையோரக் கொடிகளில் போகிற வருகிறவர்கள் பழம் பறிக்காமலிருக்க, பார்க்க விஷம்போல நீலமாகத் தெரியட்டும் என்று மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கலந்து அடித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லை. மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் அதைக் கவனித்து, சோதித்து, 1885-ல் எழுதினார். எங்கள் சாலையோர வரிசையிலும் போகிற வருகிறவர்கள் கை வைப்பதால், இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு அந்தப் பிரெஞ்சுத் தோட்டக்காரர்மேல் பெரிய மரியாதை வந்தது. பன்னீர்க் கொடியே ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டு வந்ததுதான் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நோய்க்கு மருந்தும் அவர்கள் ஊர்ப் பெயரிலேயே வந்து சேர்ந்திருக்கிறது.

ஒரு சதவீதக் கலவை என்றால் துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் டிரம்மில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு வாளியில் செய்யக் கூடாது. கலந்த பிறகு தீட்டிய அரிவாளை ஒரு நிமிடம் அதில் முக்கி எடுத்துப் பார்ப்பார் மாமா. இரும்பில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சி நிற்கிறது, இலையைச் சுட்டுவிடும், இன்னும் சுண்ணாம்பு போட வேண்டும். படியவில்லை என்றால் தெளிக்கலாம். அன்றைக்கே தெளித்து முடிக்க வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் அது வெறும் சுண்ணாம்புத் தண்ணீர்.

இயற்கை விவசாய விதிகள் இதைக் கட்டுப்பாடோடு அனுமதிக்கின்றன. ஆனால் அனுமதி இருக்கிறது என்பதற்காகச் செம்பு மண்ணில் கரைந்து காணாமல் போய்விடாது. தங்கும். மண்புழுவுக்கு ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு ஹெக்டேருக்கு ஏழு வருடத்தில் 28 கிலோ செம்புக்கு மேல் போகக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள், அதாவது வருடத்துக்குச் சராசரி 4 கிலோ. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தால் 2 கிலோ துத்தம். அதில் கால்வாசி செம்பு, அரை கிலோ. ஹெக்டேருக்கு மாற்றினால் ஒரு தடவைக்குச் சுமார் ஒன்றேகால் கிலோ. அந்த அளவுகோலில் வருடத்துக்கு மூன்று தடவைதான். ஐப்பசி கார்த்திகை மழையில் பூவை வைத்துக்கொண்டு மூன்று தடவையில் தப்பிக்க முடியுமா? பன்னிரண்டு தடவை அடித்தால் தப்பிக்கலாம். சான்றிதழும் கிடைக்கலாம். மண் என்ன ஆகும்?

அந்தக் காகிதத்தை வைத்துத்தான் வீட்டில் சண்டை. மூன்றாவது வெட்டையே விட்டுவிடலாம் என்றேன். மாமா காகிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏம்மா, மூணு தடவ காய்க்கிற கொடிய ரெண்டு தடவ காயின்னு சொன்னா, அது நம்ம கையில இருக்கறத வேண்டாங்கறது இல்லையா?"

"ரெண்டு தடவை நல்லாக் காய்க்கட்டும் மாமா."

"நல்லாக் காய்க்கும்னு கொடி எழுதிக் குடுத்துச்சா?"

அத்தை அடுப்படியிலிருந்து ஒரே வார்த்தை சொன்னார். "நான் வாக்கப்பட்டு வந்தப்ப ரெண்டு வெட்டுதான். அப்பவும் சோறு தின்னோம்." அது உண்மை. பழைய தோட்டக்காரர்கள் மார்கழியில் ஒரு வெட்டு, வைகாசியில் ஒரு வெட்டு என்றுதான் செய்திருக்கிறார்கள். வேளாண் பல்கலைக்கழகக் கையேட்டைப் புரட்டினாலும் கோடைப் பயிருக்கு ஒரு கவாத்து, மழைக்காலப் பயிருக்கு ஒரு கவாத்து என்றுதான் இருக்கும். மூன்றாவது வெட்டு வந்தது நல்ல மருந்துகள் வந்த பிறகு. மருந்தை விட்டால் அந்த வெட்டையும் விட வேண்டியதுதானே, இதில் என்ன தியாகம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மாமா ஒருவாறாக, "ஒரு வருசம் பாப்போம்" என்றார்.

மார்கழி வெட்டு முதல். ஆட்களை ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லி வைக்காவிட்டால் கிடைக்க மாட்டார்கள். வெட்டத் தெரிந்தவர் கொடியின் தடிமனைப் பார்ப்பார், முற்றிய பழுப்பு நிறத்தைப் பார்ப்பார், தளிர் வெடிக்கும் கண் மூன்று நான்கு விட்டு மேல்கண்ணுக்குச் சற்றுத் தள்ளிச் சாய்வாக வெட்டுவார். மெலிந்த கொடியை ஒன்றிரண்டு கண்ணில் நிறுத்திவிடுவார், அது அடுத்த தடவைக்கு. இதை வேகமாகச் செய்வதில்தான் கூலியே இருக்கிறது. அவர்கள் போன பிறகு பட்டை உரிக்க அக்காக்கள் வருவார்கள். அடித்தண்டில் உரிந்து தொங்கும் பழைய பட்டைக்குள்தான் மாவுப்பூச்சியும், மொட்டைக் கடித்துத் தின்னும் சின்ன வண்டின் முட்டையும் ஒளிந்திருக்கும். சாக்கை விரித்து, சாக்கின் மேலே பட்டையை உரித்துப் போட்டு, அப்படியே சுருட்டிக் கொண்டுபோய் எரிப்போம். மருந்துத் தோட்டத்தில் இந்த வேலையைப் பாதியில் விட்டாலும் தெளிப்பு காப்பாற்றிவிடும். எங்களுக்கு இது ஒரு பூச்சிமருந்துக்குச் சமம், அதனால் கூலிக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. உரித்த தண்டில் போர்டோ பசை பூசுவோம்.

வெட்டிய கையோடு வரிசைகளுக்கு நடுவில் சணப்பு விதைப்போம். வருடத்தில் பந்தலுக்கு அடியில் தரையில் வெயில் விழும் கொஞ்ச நாள் அதுதான். மேலே தளிர் மூடுவதற்குள் சணப்பு இடுப்பளவு வந்துவிடும். பூ எடுக்கும் சமயத்தில் மடக்கி உழுதால் உரம். அதன் நிழலில் களையும் அதிகம் தலைகாட்டாது.

இந்தப் பருவத்துப் பயிர் பெரிய தொந்தரவு கொடுக்கவில்லை. மார்கழி, தைப் பனிக்குச் சாம்பல் நோய் தொட்டுப் பார்க்கும். நனையும் கந்தகமும் புளித்த மோரும் கொடுத்தோம். தை கடைசியில் பூ. பூவின் வாசனை பலருக்குத் தெரியாது, பழத்துக்கு இருக்கும் பன்னீர் வாசனை அதில் இருக்காது, லேசாக, காலையில் மட்டும், வரிசைக்குள் நின்றால் தெரியும். மாசியில் பக்கச் சிம்பு கிள்ளுவது, கொடி சுற்றிப் பிடிக்கும் பற்றுக்கம்பியைக் கிள்ளி எடுப்பது, குலையை மறைக்கும் இலையைக் கிள்ளுவது. இது பெண்கள் வேலை என்று ஊரில் ஒதுக்கி வைத்து ஆண் கூலியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கொடுக்கிறார்கள். நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக் கையைத் தூக்கியே வைத்திருக்கும் வேலை அது. ஒரு நாள் செய்து பார்த்தால் யாரும் அந்தக் கூலியை நியாயம் என்று சொல்ல மாட்டார்கள். எங்கள் தோட்டத்தில் கொஞ்சம் கூட்டித்தான் கொடுக்கிறோம், ஆண் கூலிக்குச் சமமாக இன்னும் வரவில்லை.

பங்குனியில் நிறம் ஏறியது. நிறம் ஏறியதும் மயில். சுப்பிரமணியருடைய வாகனம் என்று யாரும் விரட்டுவதில்லை, விரட்டினாலும் போவதில்லை. ராத்திரிக்கு வௌவால். பழைய சேலைகளை ஓரங்களில் கட்டித் தொங்கவிட்டோம். அத்தையின் பாதிப் பெட்டி காலி. இன்னொரு எதிரி அவசரம். பன்னீர் திராட்சை கறுப்பாகிவிட்டாலே பழுத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கறுத்த பிறகும் பத்து நாளாவது கொடியில் இருந்தால்தான் இனிப்பும் வாசனையும் சேரும். விலை கூடும்போது பாதிக் கறுப்பிலேயே அறுத்து ஏற்றிவிடுவார்கள். "கம்பம் திராட்சை புளிக்குது" என்று சென்னையில் சொல்கிறார்களே, அவர்கள் தின்றது அந்தப் பழத்தைத்தான்.

சித்திரை பிறந்த கையோடு அறுத்தோம். நாசிக் வரத்து குறைந்து விலை ஏறும் நேரம். பழக்கமான யாவாரி வந்தார். குலையைத் தூக்கிப் பார்த்தார், ஒன்றை வாயில் போட்டார், இன்னொன்றைப் போட்டார்.

"ருசி நல்லாருக்கு தாயி. ஆனா குலை சின்னது, கலரும் ஒரே மாதிரி இல்ல."

"மருந்து இல்லாத பழம்ணே. சான்று வந்துருச்சு."

"அது நாக்குல தெரியும். பெட்டியில தெரியாதுல்ல."

பதில் சொல்ல முடியாத வாக்கியம். பெட்டியில் ஏறிக் குமுளி வழியாக மலை தாண்டியபின் எங்கள் பழமும் கிழக்குத் தோட்டத்துப் பழமும் ஒன்றுதான். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரில் இனிப்பு கொடுத்தார்கள். பெருமைதான். ஆனால் யாவாரி பெட்டியில் ஏற்றும்போது அது எதையும் கூட்டிக் கொடுக்கவில்லை. பெயர் எங்கள் ஊருக்கு, விலை வாங்குகிறவர் கையில்.

நேரடியாக அனுப்பலாமே என்று எல்லாரும் சொல்வார்கள். அனுப்பினோம். கோயம்புத்தூரில் என் பழைய மில் தோழிகள் வழியாக, மதுரையில் கணவரின் தங்கை வீட்டு வழியாக, ஐந்து கிலோ அட்டைப்பெட்டியில் காகிதம் அடுக்கி ராத்திரி பஸ்ஸில். பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லிசு, காம்புப் பிடியும் குறைவு. விடிகாலை போய்ச் சேரும்போது பெட்டியில் கால்வாசி காம்பு வேறு பழம் வேறாகக் கிடக்கும். மத்தியான வெயிலில் அறுத்து அதே சூட்டோடு பெட்டி போட்டால் இன்னும் மோசம். விடியலில் அறுத்து, கொட்டகை நிழலில் பரப்பி, காம்பு லேசாக வாடிய பிறகு சாயங்காலம் பெட்டி போட்டால் உதிர்வு பாதியாகிறது. அப்புறம் கொட்டை. "சீட்லெஸ் இல்லையா?" என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. சீட்லெஸ் வேண்டுமென்றால் ஓடைப்பட்டிப் பக்கம் போங்கள், அது வேறு ரகம், வேறு பழம். கொட்டையோடு தின்னப் பழகியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் போதும்.

வைகாசியில் இரண்டாவது வெட்டு. ஜூன் முதல் தேதி முல்லைப் பெரியாறு தண்ணீரைத் திறந்தால் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் நெல்லுக்கு உயிர் வரும். எங்களுக்கு நேரடிப் பாசனம் இல்லை, ஆனால் வாய்க்கால் ஓடினால் கிணறு ஊறும். அந்த அணையைக் கட்டிய பென்னிகுவிக் படத்தை வீட்டில் மாட்டியிருப்பது எங்கள் ஊரில் பக்தியோடு சேர்ந்த கணக்கு.

இந்தப் பயிரில்தான் அடி விழுந்தது. மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டினால் இந்தப் பக்கம் சாரல் வரும். மழை என்று சொல்ல முடியாது, இலையை நனைத்துக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஆனி கடைசியில் பூ விரியும் நேரத்தில் சரியாக ஒரு வாரம் வெயிலே இல்லை. பூவில் போர்டோ அடிக்கக் கூடாது, கருகும். பூவுக்கு முன்பு ஒரு தடவை அடித்திருந்தோம். அதற்குப் பிறகு சூடோமோனாஸ், பாசிலஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள்தான். அவை நோய் வராமல் தடுக்க உதவும், வந்ததை நிறுத்தாது. மேற்கு மூலையில், காற்று புகாத இடத்தில், எண்ணெய்ப் பொட்டைப் பார்த்தேன். அன்றைக்கு ஆட்கள் யாரும் இல்லை. மாமா, அத்தை, நான், கணவர், பள்ளிக்கூடம் விட்டு வந்த மகன், ஐந்து பேரும் குலையைச் சுற்றியிருக்கும் இலைகளைக் கிள்ளிச் சாக்கில் போட்டோம். இலை குறைந்தால் பழத்துக்குச் சத்து குறையும். ஆனால் காற்று புகும். அந்த மூலையில் பாதிக் குலை போய்விட்டது.

மீதியைக் காப்பாற்றியது நாங்கள் தெளித்தது எதுவும் இல்லை, ஆடிக் காற்று. மருந்துத் தோட்டக்காரர்கள் ஆடிக் காற்றைத் திட்டுவார்கள், தளிரை முறிக்கும், பந்தலை ஆட்டும், தெளித்த மருந்தைப் பக்கத்துக்காரனுக்கு அனுப்பும். எங்களுக்கு அது கணவாய் வழியாக வந்து காலை பத்து மணிக்குள் இலையைக் காய வைத்துவிடும். வைகாசிக் கடைசியில் வெட்டாமல் நடுவில் வெட்டினால் பூ சாரலுக்கு முன்பே முடியும் என்று நான் சொல்கிறேன். இன்னும் தள்ளிப் போட்டால் ஆடிக் காற்றில் பூக்கும், அது மேல் என்கிறார் மாமா. இது இன்னும் தீரவில்லை.

புரட்டாசி நடுவில் அறுத்தோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பழம் வெளியேறிவிட்டது. பிஞ்சு, பூ, பழம் என்று எதுவும் இல்லாமல் ஐப்பசி மழை கொடியின் மேல் பெய்வதைப் பார்ப்பது மாமாவுக்குப் பெரிய சங்கடம். கிழக்குத் தோட்டத்தில் ஸ்பிரேயர் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய் எட்டிப் பார்ப்பார். நாங்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்த வெட்டுக்கான சத்தைக் கொடி சேர்ப்பது இந்த இலையில்தான். இலை சீக்கிரம் கொட்டிவிட்டால் மார்கழியில் வெட்டும்போது கண்ணில் குலை இருக்காது. அதனால் இலைக்காக ஒரு போர்டோ, வேருக்குத் தொழுவுரம், வேப்பம் புண்ணாக்கு. வருடத்தின் மூன்றாவது போர்டோ அது. வெட்டினதும் தண்டில் பூசும் பசையைத் தனிக் கணக்கில் வைத்திருக்கிறேன், அதையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும்.

இதற்கு நாங்கள் கொடுத்த விலை கார்த்திகையில் தெரிந்தது. சபரிமலைக்குப் போகும் வண்டிகள் கம்பம் வழியாகக் குமுளிக்குச் சாரிசாரியாகப் போகும். சாலையோரத்தில் பெட்டி போட்டு உட்கார்ந்தால் யாவாரியே வேண்டாம், சாமிகள் கேட்ட விலைக்கு வாங்கிப் போவார்கள். வருடத்தின் மிகச் சிறந்த இரண்டு மாத வியாபாரம். அந்த இரண்டு மாதமும் எங்கள் பந்தலில் ஒரு பழம் இல்லை.

இரண்டு பயிரிலும் சேர்த்து சுமார் 15 டன் வந்தது. யாவாரிக்கு 11 டன், சராசரி கிலோ 42 ரூபாய். தோட்டத்து வாசலில் இரண்டரை டன், கிலோ 80. பஸ் பெட்டியில் 900 கிலோ, 120 ரூபாய். மீதி உதிர்ந்ததும் ஸ்குவாஷ் காய்ச்சியதும். எல்லாம் சேர்த்து வரவு 7 லட்சத்து 70 ஆயிரம். செலவு 4 லட்சத்து 90 ஆயிரம். மருந்தோடு மூன்று வெட்டு வெட்டிய கடைசி வருடத்தில் வரவு 9 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, மருந்து மட்டுமே பெரிய தொகை, கையில் நின்றது இரண்டேகால் லட்சம். இப்போது 2 லட்சத்து 80 ஆயிரம். ஜெயித்துவிட்டோம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். வீட்டு ஆட்கள் நான்கு பேரின் உழைப்புக்கு நான் கூலி போடவில்லை. போட்டால் அந்த மீதி கரைந்துவிடும், இரண்டு கணக்கிலும். விவசாயக் கணக்குகளில் பெரும்பாலும் விடுபடுவது இந்த வரிதான். லாபக் கதை எழுதுகிறவர்களிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

ஒயின் போடலாமே என்று இணையத்தில் ஒருவர் ஆலோசனை சொன்னார். உரிமம், கலால், முதலீடு, அதெல்லாம் இரண்டரை ஏக்கர்க்காரர் வேலை இல்லை. ஸ்குவாஷ் கொஞ்சம் பெருக்கலாம் என்றிருக்கிறோம். உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கியாகிவிட்டது. பாட்டில்தான் எங்கே மலிவாக வாங்குவது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்த மார்கழி வெட்டுக்கும் ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது. மூன்றாவது வெட்டைப் பற்றி மாமா பேச்செடுக்கவில்லை. கார்த்திகையில் விற்க ஏதாவது வேண்டும் என்று கிணற்று மேட்டில் ஐம்பது கொய்யாக் கன்று வைத்திருக்கிறார், என்னிடம் கேட்காமல். நட்ட பிறகுதான் சொன்னார், பதிவேட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லி. சுருளிப் பக்கம் வருகிறவர்கள் சித்திரை முதல் பாதியிலோ புரட்டாசி நடுவிலோ வந்தால் பழம் இருக்கும். மற்ற மாதங்களில் பந்தலுக்குள் போட்டோ எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. சாலையோர வரிசையில் மட்டும் கை வைக்காதீர்கள், அதில் நீலம் படிந்திருக்கும்.